மண்ணுட் புதைந்த பொருளும் சட்டமும்: மலையமான் நாட்டுச் சான்று

நிலத்துள் மறைந்து கிடக்கும் பொருளைத் தேடி எடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா வழக்குமன்றத்திற்கு மட்டும் உரியதன்று, வரலாற்றாராய்ச்சிக்கும் உரியது. உலோகங்களைக் கண்டறியும் கருவிகள் எளிதிற் கிடைக்கும் இந்நாளில் அவ்வினா மேலும் வலுப்பெறுகின்றது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சான்றுகளைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

இத்துறையிற் பழமையானது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியர்க்கு எழுதி அறிவித்தல் வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைத்தலோ பிணை தருதலோ வேண்டும். அறிவியாது மறைப்பின் ஓராண்டு வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படும். கிரகாம் பெல் 1881இல் அமெரிக்கத் தலைவர் கார்பீல்டின் உடலிற் பாய்ந்த குண்டைத் தேட உலோகங்காண் கருவியொன்றைக் கையாண்டார். சட்டமோ அதற்கும் மூன்றாண்டு முற்பட்டது. ஆதலின் அது கருவியைப் பற்றி யாதும் கூறாது, பொருளைப் பணமதிப்பால் அளக்கின்றது.

1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத காசு, சிற்பம் முதலியவற்றைக் காலத்தால் அளந்து, அவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தலைத் தடுக்கின்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அகழ்தற்கு உரிமம் வேண்டும். 1976 வரை சாகீர்தார்களின் கீழிருந்த கல்வராயன் மலையிலோ, காப்புக்காட்டுப் பகுதிகளுக்கு 1882ஆம் ஆண்டின் வனச்சட்டமும் பொருந்தும். எனவே, பொதுநிலம் என்பது யாவரும் தோண்டுதற்குரிய நிலம் எனக் கொள்ளுதல் பிழையாகும்.

இவ்விதிகளின் பயனைச் சான்றுகள் இரண்டு காட்டும். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி பள்ளி அளித்தமையைக் கூறுகின்றது. தகடூர்த் தலைவனின் பெயர் மலையமான் நாட்டுப் பாறையில் நிற்றலால், அவன் கோவலூரை வென்றமை பற்றிய சங்கப் பாடற் செய்தி வலுப்பெறுகின்றது. ஈண்டு எழுத்தேயன்றி இடமும் சான்றாகின்றது.

மற்றொன்று, பெண்ணையாற்று மணலிற் கிடைத்த மலையமான் காசுகள். குதிரையுருவம் பொறித்த அவற்றை இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டார். சங்ககாலக் குறுநிலத் தலைவரும் காசு வெளியிட்டனர் என்பது அவற்றாற் பெறப்பட்டது. எனினும், ஆற்றுமணலிற் புரண்டு வந்த காசுக்கு மண்ணடுக்கின் துணையில்லை. எவ்வடுக்கில், எப்பானையோட்டுடன் இருந்தது என அறியப்படாமையின், அதன் காலத்தை எழுத்து, உருவம், எடை ஆகியவற்றைக் கொண்டே ஆராய்தல் வேண்டியுள்ளது. வெள்ளம் செய்த இதனையே அனுமதியின்றித் தோண்டுவோன் கையும் செய்கின்றது.

சிறு செப்புக்காசொன்று உலோக விலையாற் பத்து ரூபாய்க்கும் குறைதல் கூடும். வரலாற்றுக்கு அதன் பயன் பெரிது. ஆகவே பணமதிப்பினும் காலமும், காலத்தினும் கிடைத்த இடமுமே முதன்மையுடையன. கண்டெடுத்தவர் இடத்தையும் நாளையும் அறிவித்தல் வேண்டும் என 1878இலேயே விதிக்கப்பட்டது. அன்று பங்கு பிரித்தற்கு வேண்டப்பட்ட அக்குறிப்பே இன்று ஆராய்ச்சிக்கு அடிப்படையாகின்றது. அதனைத் தவறாது பெற்றுக் காத்தல் அரசுக்கும் ஆராய்ச்சியாளர்க்கும் ஒருங்கே உரிய கடனாகும்.