குத்துச்சண்டைக் கையுறையில் பிறந்த ஆட்டம்

பழைய மாணவர்கள் நாலு பேர் கூடினால் என்ன நடக்கும்? அரட்டை, கேலி, காப்பி. 1887-ல் சிகாகோவில் ஒரு விளையாட்டே பிறந்தது!

நன்றித் திருநாளன்று, யேல் – ஹார்வர்டு அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் முடிவுக்காக ஃபாரகட் படகுக் கழகத்தில் இளைஞர்கள் காத்திருந்தார்கள். யேல் ஜெயித்த சேதி வந்ததும் யேல்காரர் ஒருவர் குஷியில் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கியெறிய, ஹார்வர்டு ஆள் குச்சியால் விளாசினார். பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹான்காக் அந்தக் கையுறையையே பந்தாகக் கட்டி, உள்ளரங்கிலேயே பேஸ்பால் ஆட வைத்துவிட்டார். அதுதான் பின்னாளில் சாஃப்ட்பால்.

ஆட்டம் பரவியது, குழப்பமும் கூடவே. மினியாபோலிஸில் தீயணைப்பு அதிகாரி லூயிஸ் ரோபர் 1895-ல் தம் ஆட்களுக்குப் பழக்கியது சின்னப் பந்து. சிகாகோவிலோ 16 அங்குலச் சுற்றளவு! பெயரும் ஊருக்கு ஒன்று: கிட்டன் பால், டயமண்ட் பால். வெளியூர் போனால் எந்த விதிப்படி ஆடுவது?

கண்டுபிடித்தவரைவிட இதைச் சீர்செய்தவர்களுக்கே நான் அதிக மார்க் போடுவேன். 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் பத்திரிகையாளர் லியோ ஃபிஷரும் மைக்கேல் பாலியும் 55 அணிகளைத் திரட்டிப் போட்டி நடத்தினார்கள். வேகப்பந்து, மெதுப்பந்து, மகளிர் என மூன்று பிரிவு. அதே ஆண்டு அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கம் உருவாயிற்று. பொது விதிகள் வந்தன.

1965-ல் மெல்போர்னில் முதல் மகளிர் உலகப் போட்டி. அமெரிக்காவையே 1–0 என்று வீழ்த்தியது ஆஸ்திரேலியா!

சிகாகோக்காரர்கள் மட்டும் இன்னும் அந்த 16 அங்குலப் பந்தை விடவில்லை. கையுறைகூடப் போடாமல் பிடிக்கிறார்கள். விரல் பிசகினால் பிசகட்டும் என்று!