துறைமுகத்துக்கு முந்திய துறை: கிராண்ட்பாஸின் கதை

கொழும்பில் சில காலமேனும் வாழ்ந்த தமிழர்களில் கிராண்ட்பாஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. லொறிகளும் களஞ்சியங்களும் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளும் நிறைந்த வட கொழும்பின் ஒரு பகுதி என்றே பலருக்கும் அது நினைவில் நிற்கிறது. ஆனால், அது ஒருகாலத்தில் கொழும்புக்கு வெளியே, களனி கங்கையின் தென்கரையில் தனித்திருந்த ஓர் ஊர்.

பெயரே வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. போர்த்துக்கேய மொழியில் 'பாசோ' என்றால் கடவை. ஆற்றைக் கடக்கும் பெருந்துறை என்ற பொருளில் அவர்கள் இட்ட பெயர் ஒல்லாந்தர் காலத்தையும் தாண்டி ஆங்கிலேயரின் நாவில் கிராண்ட்பாஸ் ஆயிற்று. சிங்களப் பெயரான நாகலகம் இன்று ஒரு வீதியின் பெயராக எஞ்சியிருக்கிறது. மகாவம்சம் கல்யாணியை நாக அரசன் மணியக்கிகனின் நாடாகக் கூறுவதால், நாகலகத்தையும் நாகர்களோடு முடிச்சுப்போட ஆசை எழலாம். பெயரின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதும் வழக்கம் நம்மவரிடையேயும் மலிந்து கிடப்பதால், அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே நல்லது.

நீர்கொழும்பு, புத்தளம் பக்கமிருந்து தரைவழியாக வருபவர் எவரும் இந்த இடத்தில் ஓடத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மலைநாட்டுப் பக்கமிருந்து ஆற்றோடு இறங்கிவந்த பாதைப் படகுகளின் பயணமும் இப்பகுதியில்தான் முடிந்தது. சென் செபஸ்தியான் கால்வாய் இவ்விடத்தை பேரை வாவியோடு இணைத்தது. பயணிகள் காத்திருக்கும் இடத்தில் கடைகளும் தங்குமிடங்களும் உருவாவது இயல்பு. சுருங்கச் சொன்னால், மனிதர் ஆற்றங்கரையில் தாமதிக்க நேர்ந்ததனால் வளர்ந்த ஊர் இது.

இதே காரணத்தால் அது படைநிலையாகவும் இருந்தது. 1796 பெப்ரவரியில் கேணல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையிலான ஆங்கிலேயப் படை நீர்கொழும்பிலிருந்து தெற்கு நோக்கி வந்தது. அதில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தனர். கொழும்பைக் காக்க விரும்பும் எவரும் எதிரியைத் தடுத்து நிறுத்தக்கூடிய இயற்கை அரண் களனி கங்கையே. எனினும் ஒல்லாந்தர் ஆற்றங்கரை நிலையைப் போரிடாமலே கைவிட்டுப் பின்வாங்கினர். ஆங்கிலேயர் ஆற்றைக் கடந்து நிலைகொண்ட பின்னரே, பெப்ரவரி 12ஆம் திகதி, கேணல் றேமண்ட் என்ற அதிகாரி மலாய்ப் படையினருடன் கிராண்ட்பாஸில் அவர்களைத் தாக்கினார். தாக்குதல் முறியடிக்கப்பட்டது, படுகாயமடைந்த றேமண்ட் பின்னர் உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில் ஆளுநர் வான் ஆங்கல்பேக் கொழும்பைக் கையளித்தார். மலாய் வீரர்கள் ஒல்லாந்தருக்காகச் சிந்திய இரத்தத்தை நமது பாடநூல்கள் ஒரு வரியிலேனும் நினைவுகூர்வதாகத் தெரியவில்லை.

ஆங்கிலேயர் கண்டி வீதியை அமைக்கத் தொடங்கியதும் ஓடம் போதாமற் போயிற்று. 1822இல் படகுகளை வரிசையாகப் பிணைத்து, மேலே பலகை பரப்பிய மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. கடப்பவர்களிடம் ஆயம் அறவிடப்பட்டது. கோப்பி மூடைகள் ஏற்றிய மாட்டுவண்டிகள் இப்பாலத்தின் வழியாகவே துறைமுகத்தை நோக்கி வந்தன. கிராண்ட்பாஸின் பொற்காலம் என்று ஒன்றைக் குறிப்பிட வேண்டுமானால், இந்தக் கோப்பிக் காலத்தையே நான் குறிப்பிடுவேன். 1860களில் வந்த புகையிரதம் கோப்பியையும் தேயிலையையும் வேறு வழியாகக் கொண்டுசென்றது. 1865இல் கொழும்பு மாநகரசபைச் சட்டம் நிறைவேறியது. துறை நகரத்தின் ஒரு பகுதியாக மாறியது. 1895இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாலம் மிதவைப் பாலத்துக்கு விடைகொடுத்தது. அதன் பின்னர் ஆற்றங்கரையில் நிற்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

துறைமுகமும் களஞ்சியங்களும் விரிவடைந்தபோது அங்கு உழைத்தவர்களுக்கு மலிவான குடியிருப்பு தேவைப்பட்டது. கோட்டையிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருந்த இத் தாழ்நிலம் அவர்களை ஏற்றுக்கொண்டது. தமிழர், முஸ்லிம்கள், மலாயர், சிங்களவர் ஆகிய அனைவரும் ஒரே ஒழுங்கைக்குள் சுவரோடு சுவராக வாழும் கிராண்ட்பாஸ் உருவானது இவ்வாறுதான்.

நகரம் ஊரை விழுங்கியபோதும் ஆறு தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 1947 ஆகஸ்டில் ஏற்பட்ட பெருவெள்ளத்தை மூத்த தலைமுறையினர் நீண்டகாலம் பேசிக்கொண்டிருந்தனர். கரையோரமாக எழுப்பப்பட்ட வெள்ளத் தடுப்பு அணைகள் நகரின் மையத்தைக் காத்தன. அணைக்கும் ஆற்றுக்கும் இடையில் குடிசை போட்டவர்களை அவை காக்கவில்லை. வேறிடமின்றி அங்கு குடியேறியவர்களே ஒவ்வொரு வெள்ளத்திலும் முதலில் பாடசாலைகளிலும் கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சம் புகுகின்றனர். 1989 யூனிலும் 2016 மேயிலும் நிகழ்ந்தது இதுவே.

2021 நவம்பரில் வடங்கள் தாங்கும் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டது. கட்டுநாயக்காவிலிருந்து அதிவேக நெடுஞ்சாலையில் வருபவர் இப்போது கிராண்ட்பாஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே நகருக்குள் இறங்கிவிடலாம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளியின் மழையால் களனி பெருக்கெடுத்தபோது, கொழும்பில் உள்ளவர்கள் விசாரித்துக்கொண்டிருந்தது நாகலகம் வீதியின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதையே.