அந்த நாலு எழுத்து: டிவ்எக்ஸ் வந்த கதை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அப்பா ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார். "நம்ம வீட்டு கிரகப்பிரவேச வீடியோடா இது. ஓடவே மாட்டேங்குது. கடையில காட்டினேன், ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, டெலிட் பண்ணிடுங்கன்னு சொல்லிட்டான்" என்றார்.

2003ல் எடுத்த வீடியோ. சித்தப்பா கேம்கோடரில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே சிடியில் அடக்கிக் கொடுத்தது. எங்க பாட்டி நடக்கிற, பேசுற ஒரே பதிவு அதுதான். போட்டோ நிறைய இருக்கு, குரல் இதில் மட்டும்தான்.

போனில் போட்டேன், திறக்கவே இல்லை. டிவியில் போட்டா சத்தம் வருது, படம் மட்டும் கருப்பு. இதுதான் முதல் துப்பு. சத்தம் ஒழுங்கா வருதுன்னா ஃபைல் பெரும்பாலும் உயிரோடதான் இருக்கு. படத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் அந்த டிவிக்குள்ள இல்லை, அவ்வளவுதான்.

இதுக்கு ஒரு விஷயம் தெரியணும். ஏவிஐ, எம்பி4, எம்கேவி எல்லாம் டிபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் படம், இன்னொரு அடுக்கில் சத்தம். உள்ளே இருக்கிற சாப்பாடு எந்த முறையில் சமைச்சது என்பதுதான் கோடெக். ஃபைல் பெயரின் கடைசி மூணு எழுத்து கேரியர் மூடியில் ஒட்டின சீட்டு. யார் வேணும்னாலும் கிழிச்சிட்டு வேற ஒட்டலாம். எங்க ஃபைலில் அதுதான் நடந்திருக்கு. பெயரில் எம்பி4ன்னு இருக்கு, ஆனா 2003ல் சித்தப்பா எம்பி4 செஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. யாரோ "பெயரை மாத்தினா ஓடும்"னு முயற்சி பண்ணியிருக்காங்க. (அது நானாவே இருக்கலாம். பத்தாவது படிக்கும்போது இதெல்லாம் நிறைய பண்ணியிருக்கேன்.)

ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். முதல் நாலு எழுத்து ஆர், ஐ, எஃப், எஃப். கொஞ்சம் தள்ளி ஏ, வி, ஐ. அப்போ இது ஏவிஐதான். 112வது பைட்டில் இன்னும் நாலு எழுத்து: டி, ஐ, வி, 3.

அதைப் பார்த்ததும் சிரிச்சிட்டேன். ஏன்னா அந்த நாலு எழுத்துக்கு ஒரு பெரிய கதை இருக்கு.

ஃபைலுக்குள்ள நாலு எழுத்தில் அடையாளம் வைக்கிற பழக்கம் 1985ல் அமிகா கம்ப்யூட்டருக்காக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கொண்டு வந்த ஃபைல் அமைப்பிலேயே இருக்கு. 1992ல் மைக்ரோசாஃப்ட் ஏவிஐயை வெளியிட்டப்போ அதே யோசனையை எடுத்துக்கிட்டாங்க. பிளேயர் அந்த நாலு எழுத்தைப் பார்க்கும், விண்டோஸிடம் "இந்தப் பெயரில் யாராவது இருக்கீங்களா?"ன்னு கேட்கும். இருந்தா படம், இல்லைன்னா கருப்பு. அந்த எழுத்து உண்மை சொல்லுதான்னு சரிபார்க்க யாரும் கிடையாது.

1999க்கு வருவோம். எம்பெக்-4 என்ற புது தரம் அப்போதான் உருவாகிட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதைத் தழுவி சொந்தமா ஒரு கோடெக் பண்ணாங்க. பெயர் எம்பெக்-4 வெர்ஷன் 3. பெயர்தான் எம்பெக்-4, உள்ளே தரத்தோட முழுசா ஒத்துப்போகாது. அதோட ஒரு பூட்டும் போட்டாங்க: அவங்களோட ஏஎஸ்எஃப் என்ற கேரியரில்தான் வைக்கலாம், ஏவிஐயில் எழுத முடியாது.

பிரான்ஸில் ஜெரோம் ரோட்டான்னு ஒருத்தர், இணையத்தில் கெஜ் என்ற பெயரில் இருந்தவர், அந்தப் பூட்டை உடைச்சார். புதுசா கோடெக் எதுவும் எழுதலை. மைக்ரோசாஃப்ட் கோடெக்கையே எடுத்து, ஏவிஐயில் எழுத விட்டு, நாலு எழுத்தை மாத்தினார். எம்பி43 இருந்த இடத்தில் டிஐவி3 வந்தது. இதுதான் டிவ்எக்ஸ் 3.11 ஆல்ஃபா. பெயருக்குப் பின்னாடி ஒரு கண்ணடிக்கிற ஸ்மைலியும் உண்டு. அந்த நக்கலுக்குக் காரணம் அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற கடைக்காரங்க 1998ல் கொண்டு வந்த டிவ்எக்ஸ் டிஸ்க். வாங்கிப் போட்டா 48 மணி நேரம்தான் பார்க்கலாம், அப்புறம் மறுபடி காசு. மக்கள் காறித் துப்ப, 1999லேயே கடையைச் சாத்தினாங்க. அந்தப் பெயரைத்தான் கெஜ் எடுத்துக்கிட்டார்.

அதே 1999ல் டிவிடியின் பூட்டும் உடைஞ்சிருந்தது. ஆக, பல ஜிபி டிவிடி படம் 700 எம்பி சிடியில் அடங்கிடுச்சு. தரம் சுமார்தான், ஆனா விசிடியைவிட எவ்வளவோ மேல். நம்ம ஊர் சிடி பவுச்சுகளில் மார்க்கர் பேனாவில் எழுதி வெச்சிருந்தது பாதி இதுதான்.

கூடவே வந்தது கோடெக் தேடுற தலைவலி. படம் வரலைன்னா எந்த கோடெக்னு கண்டுபிடிக்கணும், இறக்கணும், நிறுவணும், ரீஸ்டார்ட் பண்ணணும். கோடெக் பேக்குன்னு கட்டுக்கட்டா வந்தது. ஒண்ணு போட்டா இன்னொண்ணு உதைக்கும். கோடெக் என்ற பெயரில் வைரஸும் வந்தது.

ரோட்டாவும் சில பேரும் சேர்ந்து 2000ல் நிறுவனம் ஆரம்பிச்சாங்க. 2001ல் ஓப்பன்டிவ்எக்ஸ்னு மூலநிரலைத் திறந்துவிட்டாங்க, அதே வருஷம் மூடிட்டாங்க. வெளியிலிருந்து உழைச்சவங்களுக்குக் கோபம். அவங்க பிரிஞ்சு போய் பண்ணதுதான் எக்ஸ்விட். டிவ்எக்ஸைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க.

இங்கேதான் நாலு எழுத்து நல்லாவே பொய் சொல்ல ஆரம்பிச்சது. டிவ்எக்ஸ் 5, எக்ஸ்விட் இரண்டுமே உண்மையான எம்பெக்-4 தரம். அதனால டிஎக்ஸ்50 என்பதை எக்ஸ்விட்ன்னோ, எக்ஸ்விட்டை டிஎக்ஸ்50ன்னோ மாத்தினா, முரண்டு பிடிச்ச பிளேயரும் ஓட்டிடும். இதுக்குன்னே குட்டி டூல்கள் இருந்தது. ஆனா டிஐவி3யை அப்படி மாத்தினா கட்டம் கட்டமா குப்பைதான் வரும், ஏன்னா உள்ளே இருக்கிறது மைக்ரோசாஃப்டோட தனி பாஷை. எம்பி43ன்னு மாத்தினா மட்டும் ஓடும்.

இந்தத் தொல்லையை முடிச்சு வெச்சது இரண்டு திட்டங்கள். பாரிஸில் எக்கோல் சென்ட்ரால் மாணவர்கள் 1996ல் கேம்பஸ் நெட்வொர்க்கில் வீடியோ ஓட்ட ஆரம்பிச்ச வேலை, 2001ல் திறந்த மூலமா வெளிவந்த விஎல்சி. ஃபாப்ரிஸ் பெல்லார் 2000ல் தொடங்கின எஃப்எஃப்எம்பெக். இவங்க விண்டோஸிடம் ஆள் கேட்கலை, படிக்கிற ஆட்களை உள்ளேயே வெச்சுக்கிட்டாங்க. என்னைக் கேட்டா கோடெக் பேக்கைக் கொன்றது இந்த ஒரு முடிவுதான்.

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2017லிருந்து ஐபோன் எச்இவிசியில் பதிவு பண்ணுது. அதே கோடெக்கை எம்பி4ல் வைக்கும்போது எச்விசி1, எச்இவி1ன்னு இரண்டு நாலெழுத்து இருக்கு. எஃப்எஃப்எம்பெக் தானா எழுதுறது இரண்டாவது. ஆப்பிளின் பிளேயர் எதிர்பார்க்கிறது முதலாவது. வீடியோ எடிட் பண்ணி அனுப்பி, "மேக்ல வரலை"ன்னு திட்டு வாங்கினவங்க முதலில் இதைப் பாருங்க. மறுபடி என்கோட் பண்ண வேண்டாம். டேகை மட்டும் மாத்திக் காப்பி எடுத்தா போதும், சில நொடி வேலை.

எங்க ஃபைலுக்கு வருவோம். எஃப்எஃப்புரோப் நான் நினைச்சதையே சொன்னது. விஎல்சியில் போட்டதும் படமும் வந்தது, கூடவே இண்டெக்ஸ் இல்லை, சரி பண்ணட்டுமான்னு ஒரு கேள்வியும். ஏவிஐயில் எந்த ஃப்ரேம் எங்கே என்ற பட்டியல் கடைசியில் இருக்கும். சிடியிலிருந்து எடுத்தப்போ காப்பி பாதியில் நின்னிருக்கு. பட்டியலைத் திரும்ப உருவாக்கலாம். ஆனா ஃபைலுக்குள்ளேயே வராத நிமிஷங்களுக்கு எந்த டூலும் இல்லை. சிடியும் இப்போ இல்லை. பந்தி பாதியில் நின்னுடுது.

பாட்டி வர்றது 11வது நிமிஷம். வாசலில் நின்னு யாரையோ, "செருப்பை அந்தப் பக்கமா விடுய்யா, கோலம் அழியுது"ன்னு அதட்டுறாங்க. அப்பா அந்த இடத்தை நாலு தடவை போடச் சொன்னார்.

போனில் ஓடுற மாதிரி எச்264ல் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்திருக்கேன். பழைய ஃபைலை அழிக்கலை. பெயரை மட்டும் ஏவிஐன்னு திருத்தி, மூணு இடத்தில் வெச்சிருக்கேன்.