நகரம் நம்ம ஊரைக் கேட்டு வரும்போது

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். முன்பு வயல் முடிந்த பிறகுதான் டவுன் வரும். இப்போது வயல் எங்கே முடிகிறது, டவுன் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடிகிறதா?

திருவண்ணாமலை 1886-ல் நகராட்சி ஆயிற்று. 1989-ல் மாவட்டத் தலைநகர் ஆயிற்று. 2024-ல் வேங்கிக்கால் முதலான சுற்று ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆகிவிட்டது. "அடுத்தது நம்ம ஊரா?" என்று கேட்கிறீர்கள். கீழ்பென்னாத்தூர் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஆனால் கீழ்பென்னாத்தூரும் ஒரு பேரூராட்சிதானே! அது வளர்ந்தால், பக்கத்துக் கிராமங்களைக் கேட்கும் நாளும் வரலாம்.

ஊரின் பெயர்ப் பலகை மாறுவது நமக்குப் புதிதல்ல. 2004-ல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கப்பட்டன. கிராமத்துக்கு வரும் மத்திய நிதி கிடைக்கட்டும் என்பது காரணம். 2006-ல் திரும்பவும் பேரூராட்சி ஆயின. மண் அதேதான், மக்களும் அதே மக்கள்தான். எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்பது மட்டும் மாறியது. ஆக, சேர்ப்பதும் பிரிப்பதும் வெறும் கௌரவ விஷயம் இல்லைங்க. வரவு செலவு விஷயம்.

என்ன மாறும்? உங்கள் பட்டா மாறாது, நிலம் உங்களுடையதே. வீட்டு வரி நகரத்துக் கணக்கில் போகும். கிராம சபை இருக்காது; நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும்தான். ஊராட்சி வசமிருந்த குளம், குட்டை, பொது இடம் நகர அமைப்பின் கைக்குப் போகும். 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் கிராமப்புறத்துக்கு மட்டுமே. அந்த வேலை போய்விடும் என்றுதான் 2024, 2025-ல் பல மாவட்டங்களில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டமும் கிராமப்புறத்துக்குத்தான். மறுபக்கம், தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, ரோடு ஆகியவற்றுக்கு நகரத்தில் கூடுதல் பணம் உண்டு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முடிவு செய்வது அரசு. ஆனால் எதைப் பார்த்து? 1993-ல் நடப்புக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது: மக்கள் தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்கு வரும் வருமானம், விவசாயம் அல்லாத வேலை செய்வோர் விகிதம், பொருளாதார முக்கியத்துவம். நமக்குத் துருப்புச்சீட்டு இதில்தான் இருக்கிறது. "நாங்கள் வரமாட்டோம்" என்று கத்துவதைவிட, "எங்கள் ஊரில் நூற்றுக்கு இத்தனை பேர் பயிர்த் தொழில், இத்தனை ஏக்கர் நஞ்சை, ஏரிப் பாசனம் இவ்வளவு" என்று எழுதிக் கொடுப்பது கனமான பேச்சு.

மகாராஷ்டிரத்தில் நடந்ததைக் கேளுங்கள். கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத், உல்லாஸ்நகர் ஆகிய நான்கையும் ஒரே மாநகராட்சி ஆக்க அந்த அரசு உத்தேசித்தது. ஆட்சேபணைகள் போயின. 1983-ல் உல்லாஸ்நகரை விட்டுவிட்டு மாநகராட்சி அமைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லை வகுப்பது சட்டம் இயற்றுவது போன்ற வேலை, சட்டத்தில் சொன்ன விசாரணைக்கு மேல் தனி விசாரணை தேவையில்லை என்று 1989-ல் தீர்ப்பு வந்தது. அதே மாநகராட்சியில் சேர்ந்த 27 கிராமங்கள் 2002-ல் வெளியே வந்தன. 2015-ல் திரும்பச் சேர்க்கப்பட்டன. ஆட்சேபணை கேட்கிற காலம்தான் நம் காலம். அது போன பிறகு கோர்ட்டுப் படியேறினால் பலன் அரிது. சாதித்தாலும் அசந்துவிடக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. அங்கே தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், கணக்கோடு தீர்மானம் போட்டு, நகல் வாங்கி வையுங்கள். தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பதிவாக நிற்கும். உத்தேச அறிவிக்கை வந்தால், அதில் குறித்த நாளுக்குள் வீட்டுக்கு வீடு எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். ஏரி, வரத்துக் கால்வாய், மேய்ச்சல், சுடுகாடு, களம் எல்லாவற்றுக்கும் சர்வே எண் போட்டு ஒரு பட்டியல் இப்போதே எழுதுங்கள்.

ஒருவேளை சேர்வதுதான் நல்லது என்று ஊர் நினைத்தாலும் அந்தப் பட்டியல் தேவை. ஏரி யார் கைக்குப் போனாலும், வரத்துக் கால்வாய் மூடாமல் இருந்தால்தான் நம்ம கழனிக்குத் தண்ணீர். வரப்பைப் பார்த்துக்கொள்கிற நாம் ஊர் எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?