பெங்களூர்க் கால்பந்து: தலைசிறந்த முன்கள வீரர் யார்?

பெங்களூர் தந்த முன்கள வீரர்களில் முதல்வர் யார் என்ற வாதத்தில் மூன்று பெயர்கள் தவறாமல் வரும். சாரங்கபாணி ராமன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக அடித்த கோல், இந்தியக் கால்பந்தின் முதல் ஒலிம்பிக் கோல். அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய அந்த ஆட்டம் 1-2 எனக் கைநழுவியது. அதே அணியில் இருந்த அகமது கான் (1926–2017), 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றபோது இந்தியாவின் ஒரே கோலை அடித்தார். 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் புகழ்பெற்ற ‘பஞ்ச பாண்டவர்’ முன்வரிசையில் ஒருவர். பூங்கம் கண்ணன் ‘ஆசியாவின் பீலே’ எனப் பாராட்டப்பட்டவர். பந்தைக் காலோடு ஒட்டவைத்துத் தடுப்பாளர்களைக் கடக்கும் கலையைத் தலையாய அளவுகோலாகக் கொண்டால், முதலிடம் அகமது கானுக்கே உரியது.