தண்டவாளமும் வரலாறும்: மாங்குளத்திலிருந்து ஒரு நோக்கு

1864இல் தொடங்கிய இலங்கைப் புகையிரதச் சேவையின் நூற்றைம்பதாண்டு நிறைவையொட்டி, 2014இல் கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களைக் குழந்தைகளும் பெற்றோரும் அங்கு கண்டு மகிழ்வர். எனினும் போக்குவரத்தின் வரலாறு இயந்திரங்களின் வரலாறு மட்டுமன்று. அது சமூக உறவுகளின் வரலாறுமாகும்.

மலையகக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் தேவையே குடியேற்ற அரசை இருப்புப்பாதை அமைக்கத் தூண்டியது. வடபாதை 1905இல் காங்கேசன்துறையை எட்டியது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் போர் அதனை வவுனியாவோடு நிறுத்தியது. வன்னியில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிவரை சேவை மீண்டபோதே மாங்குளத்தின் இளந்தலைமுறை தன் ஊரில் புகையிரதத்தைக் கண்டது.

எனவே, மெருகிட்ட இயந்திரத்தின் அருகே பதுங்கு குழியிலிருந்து மீண்ட தண்டவாளத் துண்டொன்றும் வைக்கப்படல் வேண்டும். அஃதின்றேல், பிள்ளைகள் காண்பது பொருள்களையேயன்றி வரலாற்றையன்று.