உரைவழி மின்னஞ்சல் செயலியில் பதிவிறக்கத்தை இடைநிறுத்தல்

உரைவழி மின்னஞ்சல் செயலி என்பது சுட்டியின் துணையின்றி, முனையத்தில் எழுத்துகளாலேயே இயங்கும் மின்னஞ்சல் மென்பொருள் ஆகும். பைன், மட் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் நெடுநேரம் நீளும் பதிவிறக்கத்தைப் பயனர் நடுவில் நிறுத்துவதும், நிறுத்திய பின் செயலி தடுமாறாமல் இயங்குவதும் இக்கட்டுரையின் பொருள்.

பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. மாணவர் கணக்குகள் எழுத்து மட்டுமே தெரியும் ஷெல் கணக்குகளாக இருந்தன. தொடக்கத்தில் சேவை பெற்ற நகரங்களுள் சென்னை ஒன்று. புதுச்சேரி (2006 வரை அலுவல் பெயர் பாண்டிச்சேரி) அவற்றுள் இல்லை. ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள சென்னை எண்ணை எஸ்.டி.டி. வழியாக அழைப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் செலவுதான். வினாடிக்கு 9,600 பிட் வேகத்தில் 1 மெகாபைட் கோப்பை இறக்க ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். வேண்டாத கோப்பு எனப் பாதியில் தெரிந்தால் நிறுத்த வழி வேண்டும். ஷெல் கணக்கிலிருந்து வீட்டுக் கணினிக்குக் கோப்பைக் கொண்டுவரப் பயன்பட்ட இசட்மோடம் நெறிமுறையில் (1986) இவ்வசதி இருந்தது: கண்ட்ரோல்-எக்ஸை ஐந்து முறை அழுத்தினால் பரிமாற்றம் நிற்கும்; பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இயங்குமுறை

வழங்கியுடன் நேரே பேசும் செயலிகளில் இது கடினம். மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் உருவாக்கிய மட் நல்ல எடுத்துக்காட்டு. யுனிக்சில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் சிக்இண்ட் என்னும் குறிகை செயலிக்குச் செல்லும். வேறு ஏற்பாடு இல்லையெனில் செயலி அங்கேயே முடிந்துவிடும். மட் அதைப் பிடித்து, ஒரு கொடியை மட்டும் உயர்த்துகிறது. குறிகை எந்த வேலையின் நடுவிலும் வரக்கூடுமாதலால் அவ்விடத்தில் அதற்கு மேல் செய்வது ஆபத்து.

ஆனால் செயலி வலையமைப்பிலிருந்து பைட்டுகளுக்காகக் காத்திருக்கும்போது, இயக்குதளம் அந்தப் படிப்பைத் தானே மீண்டும் தொடங்கிவிட்டால் கொடியைப் பார்ப்பார் எவருமில்லை. எனவே வலையமைப்பைப் படிக்கும் நேரத்தில் மட்டும் மட் அந்தத் தானியங்கு மறுதொடக்கத்தை நிறுத்திவைக்கிறது. படிப்பு பிழையுடன் திரும்பும், கொடி கண்ணில் படும், தொடர்பு துண்டிக்கப்படும்.

துண்டிப்பது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். காரணம் நெறிமுறையில் உள்ளது. ஐமேப் வழங்கி முதலில் மடலின் அளவைச் சொல்லி, பிறகு அத்தனை பைட்டுகளையும் அனுப்புகிறது. நடுவில் "போதும்" எனச் சொல்லக் கட்டளை இல்லை. பாதியில் விட்டு அடுத்த கட்டளையை அனுப்பினால், மீதி மடலைச் செயலி அதன் விடையாக எண்ணிக் குழம்பும். ஆகவே எஞ்சியதை முழுதும் படித்துக் கழிக்க வேண்டும், அல்லது துண்டிக்க வேண்டும். முன்கூட்டியே மடலைச் சிறு துண்டுகளாகக் கேட்பது இன்னொரு வழி. ஐமேப் அதற்கு இடமளிக்கிறது.

பாப்3-இல் அவ்வசதி இல்லை. எனினும் அழிக்கக் குறித்த மடல்களை வழங்கி, விடைபெறும் கட்டளை வந்த பின்னரே நீக்கும். இடையில் துண்டித்தால் மடல் எதுவும் போகாது.

பாதிக் கோப்பு

பாதி வந்த மடல் முழு மடலாக இடைநினைவகத்தில் தங்கிவிட்டால், அடுத்த முறை பயனர் குறைமடலையே படிப்பார். மட் அதைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் வந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுகிறது.